மரவட்டையாகச் சுருண்ட மல்லர்!



மரவட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? மழை விட்டதும் சுவரோரம் ஊர்ந்து போகும். விரலால் தொட்டால் போதும், சட்டென்று சுருண்டு வட்டமாகிவிடும். அப்புறம் நீங்கள் என்ன செய்தாலும் விரியாது.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் இடைவேளையில் பையன்கள் மணலில் மல்லுக்கட்டுவார்கள். அதில் ஒரு பொடியன், எதிரே பெரிய பையன் வந்தால் குப்புறப் படுத்து, கை கால்களை மடக்கிச் சுருண்டுகொள்வான். பெரியவன் இழுப்பான், புரட்டுவான். மூச்சு வாங்குமே தவிர ஒன்றும் நடக்காது. மணி அடித்துவிடும். யாருக்கு வெற்றி என்று என்னிடம் பஞ்சாயத்துக்கு வருவார்கள். எனக்கே பதில் தெரியாது!

உலகப் புகழ் பெற்ற ஒரு பயில்வானுக்கும் இதே சங்கடம் வந்தது. அவர்தான் காமா பயில்வான்.

1878-ஆம் ஆண்டு பஞ்சாபில், மல்யுத்தக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இயற்பெயர் குலாம் முகமது. சின்ன வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். உறவினர்களே அவரை வளர்த்து, வித்தையும் கற்றுக் கொடுத்தார்கள். அவருக்குப் 10 வயதானபோது ஜோத்பூரில் ஒரு போட்டி நடந்தது. யார் அதிக நேரம் பஸ்கி எடுப்பார்கள் என்பதுதான் போட்டி. 400-க்கும் மேற்பட்ட பயில்வான்கள் கலந்துகொண்டார்கள். கடைசி வரை தாக்குப்பிடித்த 15 பேரில் இந்தச் சிறுவனும் ஒருவன்!

கோதாவில் பயிற்சி எப்படி இருக்கும் தெரியுமா? கோதா என்றால் மல்யுத்தம் செய்யும் மண்குழி. அந்த மண்ணில் எண்ணெய், மஞ்சள், மோர் எல்லாம் கலந்து மிருதுவாக்குவார்கள். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று உடம்பை முறுக்கேற்றுவார்கள். ஆனால் அது மட்டும் போதாது. தண்டால் எடுக்கும்போது தரை உங்களை எதிர்த்துப் பிடிப்பதில்லையே! அதனால் தினமும் பல பேரோடு மாறி மாறிப் பிடித்துப் பழக வேண்டும். ஒல்லியானவனோடு பிடித்தால் வேகம் வரும். கனமானவனோடு பிடித்தால் பலம் வரும். காமா ஒரு நாளில் 40 பேரோடு பிடித்துப் பழகியதாகச் சொல்வார்கள். பாலும் பாதாமும் அவருக்கு முக்கிய உணவு.

17 வயதில், ஏறக்குறைய 7 அடி உயரமுள்ள ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவோடு மோதினார். காமாவின் உயரமோ 5 அடி 8 அங்குலத்துக்குள்தான். இருவரில் யாரும் விழவில்லை. போட்டி சமன் ஆனது. நாடே காமாவைத் திரும்பிப் பார்த்தது.

1910-இல், நம் புதுச்சேரியில் பாரதியார் வாழ்ந்துகொண்டிருந்த காலத்தில், காமா கப்பலேறி லண்டன் போனார். குள்ளமாக இருக்கிறார் என்று அங்கே போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. எந்த எடையுள்ள மூன்று பேர் வந்தாலும் அரை மணி நேரத்தில் வீழ்த்துவேன் என்று சவால் விட்டார். ரோலர் என்ற அமெரிக்க மருத்துவர் வந்தார். முதல் முறை இரண்டு நிமிடத்துக்குள் சாய்ந்தார். இரண்டாம் முறை பத்து நிமிடத்துக்குள் சாய்ந்தார்.

அடுத்து வந்தவர் போலந்து நாட்டு ஸ்பிஸ்கோ. காமாவைவிட 20 கிலோவுக்கு மேல் கூடுதல் எடை உள்ளவர். செப்டம்பர் 10-ஆம் தேதி போட்டி தொடங்கியது. முதல் நிமிடத்திலேயே காமா அவரைக் கீழே கொண்டுவந்துவிட்டார். அவ்வளவுதான்! ஸ்பிஸ்கோ குப்புறக் கவிழ்ந்து விரிப்போடு ஒட்டிக்கொண்டார். அச்சு அசல் மரவட்டை! எதிராளியின் முதுகைத் தரையில் அழுத்தினால்தானே வெற்றி? அவர்தான் புரளவே மாட்டேன் என்கிறாரே! காமா இழுத்தார், நெம்பினார், புரட்டினார். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் போட்டியை நிறுத்தினார்கள். மறுபடி மோத வேறு நாள் குறித்தார்கள். அன்று ஸ்பிஸ்கோ வரவே இல்லை. பட்டம் காமாவுக்குக் கிடைத்தது.

ஸ்பிஸ்கோவைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். விதி இடம் கொடுத்தது, அவர் பயன்படுத்திக்கொண்டார். விதி மாறினால் வித்தையும் மாறும். ஜப்பானிய ஜூடோ வீரர் மயேடா 1914-இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அவரிடமிருந்து அங்கே பரவிய கலையே பிரேசிலிய ஜியு-ஜிட்சு. அதில் முதுகு தரையில் பட்டால் தோல்வி இல்லை. கீழே கிடப்பவரும் தம் கால்களால் எதிராளியை வளைத்துப் பிடித்துச் சண்டையைத் தொடரலாம். யாராவது மரவட்டை போல் சுருண்டால், மற்றவர் முதுகின்மேல் ஏறி, இடுப்பைக் கால்களால் பின்னி, கழுத்துப் பிடி போடுவார். தாங்க முடியாதவர் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வார். (இதையெல்லாம் வீட்டில் தம்பியிடம் செய்து பார்க்கக் கூடாது! பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே பழக வேண்டும்.) லண்டனில் காமாவுக்கு அந்த வழி இல்லை. புரட்டியே ஆக வேண்டும். அன்று அவரால் அது முடியவில்லை.

பட்டம்தான் கிடைத்துவிட்டதே என்று அவர் சும்மா இருந்தாரா? இல்லை. ஊர் திரும்பிய பின், அலகாபாத்தில் தம் பழைய எதிராளி ரஹீமை வென்றார். பயிற்சியையும் விடவில்லை. 17 ஆண்டுகள் ஓடின. 1928 ஜனவரியில், பாட்டியாலாவில் காமாவோடு மீண்டும் மோத ஸ்பிஸ்கோ கடல் கடந்து வந்தார். காமாவுக்கு அப்போது 50 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மக்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். நீண்ட போட்டியாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது! இந்த முறை சுருண்டு படுக்க ஸ்பிஸ்கோவுக்கு நேரமே கிடைக்கவில்லை. முதுகு மண்ணில் பட்டது. பாட்டியாலா மகாராஜா காமாவுக்கு வெள்ளிக் கதாயுதம் பரிசளித்தார்.

நாடு பிரிந்தபின் காமா பாகிஸ்தானில், லாகூரில் வாழ்ந்தார். கடைசிக் காலத்தில் நோயும் வறுமையும் வாட்டின. எல்லைக்கு இந்தப் பக்கமிருந்து தொழிலதிபர் ஜி.டி. பிர்லா பண உதவி செய்தார். 1960 மே 23-ஆம் தேதி காமா மறைந்தார். தம் வாழ்நாளில் எந்தப் போட்டியிலும் அவர் தோற்றதில்லை என்பார்கள்.

குழந்தைகளே! உப்பளம் மைதானத்தில் ஜூடோவோ, கராத்தேயோ, சிலம்பமோ பழகும் உங்களுக்கும் ஒரு நாள் மரவட்டை போன்ற எதிராளி வாய்ப்பார். கணக்குப் பாடத்தில்கூட அப்படி ஒரு கணக்கு வரலாம். எந்தப் பக்கம் புரட்டினாலும் விரியாது! கோபப்படாதீர்கள். மணி அடித்துவிட்டால் வீட்டுக்குப் போங்கள். மறுநாள் காலை மறுபடி பழகுங்கள். காமாவுக்கு 17 வருடம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகாது!