அம்மாவுக்கும் மனைவிக்கும் காது கேட்காது... ஆனாலும் சைகை மொழியை எதிர்த்த கிரஹாம் பெல்! ஏன்?

டெலிபோனைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், ஸ்கூல் குழந்தைகூட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் என்று சொல்லிவிடும். ஆனால், காது கேளாதோர் சமூகத்தில் அதே பெயரைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். அப்படி என்ன செய்தார் பெல்?

நெற்றியில் பேசிய மகன்

1847 மார்ச் 3-ம் தேதி ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார் பெல். அம்மா எலைசாவுக்குக் காது சரியாகக் கேட்காது. மற்றவர்கள் குழல் போன்ற ஒரு கருவிக்குள் சத்தமாகப் பேசுவார்கள். பெல் மட்டும் அம்மாவின் நெற்றிக்குப் பக்கத்தில் வாயை வைத்து, தாழ்ந்த குரலில் பேசுவார். விரல்களால் எழுத்துகளைக் காட்டியும் பேசுவார். அப்பா மெல்வில் பெல், உச்சரிப்பு சொல்லித்தரும் ஆசிரியர்.

சகோதரர்கள் இருவரும் காசநோயில் இறந்துபோக, 1870-ல் குடும்பம் கனடாவுக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த வருடமே பாஸ்டன் போன பெல், காது கேளாத குழந்தைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இறங்கினார்.

டெலிபோன் வந்த கதை

ஒலியைக் கண்ணால் பார்க்க முடிந்தால் இந்தக் குழந்தைகளுக்கு உதவுமே என்று, 1874-ல் இறந்த ஒருவரின் காதை வைத்து ஆராய்ச்சி செய்தார். மெல்லிய செவிப்பறை எலும்பையே அசைப்பதைப் பார்த்ததும் டெலிபோன் யோசனைக்கு உயிர் வந்தது. 1876 மார்ச் 7-ல் காப்புரிமை கிடைத்தபோது அவருக்கு வயது 29. அடுத்த ஆண்டு, தன்னிடம் படித்த மேபல் ஹப்பர்டைத் திருமணம் செய்தார். ஐந்து வயதில் காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்த மேபல், உதட்டசைவைப் பார்த்தே எல்லோரோடும் பேசுவார்.

சிக்கல் எங்கே?

மேபலால் முடிந்தது எல்லோராலும் முடியும் என்று நம்பினார் பெல். ஆனால், மேபல் பேசப் பழகிய பிறகு காது கேளாமல் போனவர். பிறவியிலேயே கேட்காத குழந்தையின் கதை வேறு. கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'பாடு', 'மாடு' என்று சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் அசையும்!

1880-ல் மிலன் நகரில் கூடிய கல்வியாளர்கள் மாநாடு, பள்ளிகளில் வாய்ப்பேச்சுதான் உயர்ந்தது என்று தீர்மானம் போட்டது. பெல் அங்கே போகவில்லை. ஆனால், அமெரிக்காவில் அந்தக் கொள்கைக்குத் தன் புகழையும் பணத்தையும் கொடுத்தார். 1883-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். காது கேளாதவர்கள் தங்களுக்குள்ளேயே திருமணம் செய்வதால் காது கேளாத ஒரு தனி மனித வகையே உருவாகிவிடும் என்று ஆய்வுக்கட்டுரை வாசித்தார். சட்டம் போட்டுத் தடுக்கச் சொல்லவில்லை. சைகை மொழி, தனி விடுதிப் பள்ளிகள், காது கேளாத ஆசிரியர்கள் ஆகிய மூன்றும் குறைய வேண்டும் என்றார்.

இவரை நேருக்கு நேர் எதிர்த்தவர் எட்வர்ட் மைனர் கேலாடெட். அவருடைய அம்மாவுக்கும் காது கேட்காது. ஆனால் அவர் சைகையில் பேசியவர். பேச்சும் இருக்கட்டும், சைகையும் இருக்கட்டும் என்பது கேலாடெட்டின் வாதம். பல பள்ளிகளில் ஜெயித்தது என்னவோ பெல்லின் பக்கம்தான். கையசைத்த குழந்தைகளுக்கு அடி விழுந்தது. காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். பேச்சும் வராமல், சைகையும் கிடைக்காமல், யோசிக்க ஒரு மொழியே இல்லாமல் பல குழந்தைகள் வளர்ந்தார்கள்.

பிறகு என்ன ஆனது?

1922 ஆகஸ்ட் 2-ல் பெல் காலமானார். அடக்கத்தின்போது வட அமெரிக்காவில் டெலிபோன்கள் ஒரு நிமிடம் மௌனமாயின. 1960-ல் வில்லியம் ஸ்டோக்கோ என்ற ஆய்வாளர், சைகை மொழிக்கும் சொந்த இலக்கணம் உண்டு என்று காட்டினார். மிலன் தீர்மானங்களை 2010-ல் வான்கூவர் மாநாடு நிராகரித்தது.

பெல் நல்லவரா, கெட்டவரா? வாழ்நாள் முழுக்க காது கேளாதவர்களுக்காக உழைத்தவர்தான். ஆனால், அவர்களுக்கு எது வேண்டும் என்று அவர்களிடம் கேட்கவில்லை. இன்று அவர் தொடங்கிவைத்த போனிலேயே, வீடியோ காலில், அவர் வேண்டாம் என்ற மொழியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.