நங்கூரச் சின்னத்துக்குப் பின்னால் ஒருவர்

உங்கள் பள்ளியின் புறப்பாட நடவடிக்கைகளில் பாய்ஸ் பிரிகேட் என்ற சீருடை இயக்கம் இருக்கலாம். தொப்பியிலும் இடுப்புப்பட்டையிலும் நங்கூரச் சின்னம் இருக்கும். சிங்கப்பூரில் இது 1930ஆம் ஆண்டு பிரின்செப் ஸ்திரீட் பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்தில் தொடங்கியது. தொடங்கியவர் ஜேம்ஸ் மில்னர் ஃப்ரேசர் என்ற கட்டடக் கலைஞர். ஆனால் அந்த நங்கூரத்தின் கதை அதற்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஆரம்பமாகிறது. ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளை அடக்க முடியாமல் திண்டாடிய ஓர் ஆசிரியர்தான் அதற்குக் காரணம்.

வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித் 1854ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள தர்சோ என்ற ஊருக்கு அருகே பிறந்தார். தந்தை முன்னாள் இராணுவ அதிகாரி. வணிகத்துக்காகச் சீனா சென்றவர் அங்கேயே இறந்துபோனார். அப்போது வில்லியமுக்கு வயது பதின்மூன்று. பள்ளிப்படிப்பு நின்றது. கிளாஸ்கோவில் சால்வை, துணி மொத்த வியாபாரம் செய்த மாமாவிடம் வேலைக்குச் சேர்ந்தார். இன்றைய கணக்கில் பார்த்தால் படிவம் இரண்டு மாணவர் ஒருவர் கணக்குப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்த மாதிரி.

இருபது வயதை ஒட்டி அவர் வாழ்க்கையில் இரண்டு காரியங்கள் நடந்தன. 1874இல் லானர்க்‌ஷயர் தொண்டர் படையில் சேர்ந்தார். அதே காலத்தில் அமெரிக்க நற்செய்தியாளர் மூடியின் கூட்டங்கள் கிளாஸ்கோவைக் கலக்கிக்கொண்டிருந்தன. அவற்றால் ஈர்க்கப்பட்டு ஃப்ரீ காலேஜ் தேவாலயத்தில் உறுப்பினரானார். நார்த் உட்சைடு சாலையில் அந்தத் தேவாலயம் நடத்திய மிஷன் மண்டபத்தில் ஞாயிறு பள்ளி ஆசிரியராகவும் ஆனார்.

தொண்டர் படையில் அவர் ஓர் அதிகாரி. அவர் ஒரு சொல் சொன்னால் போதும், வளர்ந்த ஆண்கள் வரிசையில் அசையாமல் நிற்பார்கள். மறுநாள் ஞாயிறு, அதே மனிதர் முன்னால் பத்துப் பதினைந்து வயதுப் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் கத்துவான், இன்னொருவன் பக்கத்திலிருப்பவனைக் கிள்ளுவான். பைபிள் பாடம் காற்றோடு போகும். கிளாஸ்கோ அப்போது கப்பல் கட்டும் தளங்களும் ஆலைகளும் நிறைந்த தொழில் நகரம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிய பையன்கள் பலர். தங்களைச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்தால் அவர்களுக்குப் பொறுக்குமா? ஞாயிறு பள்ளியை விட்டு நின்றுவிட்டார்கள். பதினேழு வயதைத் தாண்டியவர்களுக்கு ஒய்எம்சிஏ போன்ற மன்றங்கள் இருந்தன. இடைப்பட்ட வயதுக்காரர்களுக்குத் தெருமுனைதான் மிச்சம்.

பையன்களைத் திருத்துவது எப்படி என்று மற்றவர்கள் யோசித்தபோது, ஸ்மித் பாடம் நடக்கும் விதத்தை யோசித்தார். சனிக்கிழமை பயன்படும் கவாத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் பயன்படாது? நாம் பள்ளித்திடலில் 'காவாட்' என்று சொல்கிறோமே, அதே கவாத்துதான்.

1883ஆம் ஆண்டு அக்டோபர் 4, வியாழக்கிழமை இரவு. இருபத்தொன்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஸ்மித்தும், அவருடைய நண்பர்களான ஜேம்ஸ் ஹில், ஜான் ஹில் சகோதரர்களும் மிஷன் மண்டபத்தைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள். ஐம்பத்தொன்பது பையன்கள் வந்துசேர்ந்தார்கள். முதல் முயற்சிக்கு இது பெரிய கூட்டம். வேறொருவராக இருந்தால் இந்த எண்ணிக்கையைக் காப்பாற்றுவதற்காகவே விதிகளைத் தளர்த்தியிருப்பார். ஸ்மித் நேர்மாறாக நடந்தார். நேரம் தவறக் கூடாது, ஒழுங்கு மீறக் கூடாது என்பதில் அவர் காட்டிய கண்டிப்பில் சில வாரங்களிலேயே எண்ணிக்கை முப்பத்தைந்தாகக் குறைந்தது. அந்த முப்பத்தைந்து பேர் நிலைத்தார்கள். அவர்களை வைத்தே மற்றவர்களும் வந்தார்கள். என் கணிப்பில் ஸ்மித் எடுத்த முடிவுகளிலேயே துணிச்சலானது இதுதான்.

சின்னமாக அவர் தேர்ந்தெடுத்தது நங்கூரம். பைபிளில் எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் நம்பிக்கையை நங்கூரத்துக்கு ஒப்பிடும் பகுதி உண்டு. கப்பல் நகரத்துப் பையன்களுக்கு அதை விளக்கவேண்டிய அவசியமே இருந்திருக்காது. முழுச் சீருடை தைக்க ஏழைக் குடும்பங்களால் முடியாது. ஆகவே உடுத்தியிருக்கும் உடையின் மேலேயே ஒரு சின்னத் தொப்பி, இடுப்புப்பட்டை, வெள்ளைத் தோள்பை. அவ்வளவுதான். ஞாயிறு வகுப்பில் எவர் சொல்லியும் அடங்காத பையன், ஐந்து பென்னித் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டால் நள்ளிரவு வரை கட்டளைக்குப் பணிகிறானே என்று பேராசிரியர் ஹென்றி டிரம்மண்ட் இதை வேடிக்கையாக எழுதினார்.

கவாத்து வாசல்தான், வீட்டின் உள்ளே இருந்தது பைபிள் வகுப்பு. வார நாள்களில் உடற்பயிற்சி, வாத்தியக் குழு, விளையாட்டு மன்றம் என்று பையன்களின் மாலைகள் நிறைந்தன. ஞாயிறு காலையில் அதே அதிகாரிகள் அதே பையன்களோடு பைபிளைத் திறந்தார்கள். திடலில் தங்களோடு ஓடியவர் சொன்னதால் பையன்கள் காதுகொடுத்தார்கள். 1886இல் அவர்களைத் திக்நபுரூவாய்க் என்ற கடலோர ஊருக்கு ஒரு வார முகாமுக்கு அழைத்துச் சென்றார். தொழிலாளர் வீட்டுப் பையன்கள் கடற்கரையில் ஒரு வாரம் கழிப்பது அந்தக் காலத்தில் அரிய விஷயம்.

எல்லாரும் பாராட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். பிரிகேட் பையன்கள் கவாத்தில் போலித் துப்பாக்கி ஏந்தினார்கள். பைபிளைக் கற்பிக்கும் இடத்தில் துப்பாக்கி எதற்கு என்று சமாதான விரும்பிகள் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. இதே காரணத்தால் 1899இல் பாய்ஸ் லைஃப் பிரிகேட் என்ற இன்னோர் அமைப்பு உருவாகி, ஆயுதப் பயிற்சிக்குப் பதிலாக உயிர்காக்கும் பயிற்சியைக் கற்றுத்தந்தது. ஸ்மித் துப்பாக்கியைக் கைவிடவில்லை. அதே சமயம், சிறுவர் அமைப்புகளை இராணுவத்தோடு இணைந்த கேடட் படைகளாக்க அரசு முன்வந்தபோது பிரிகேட் அதற்கு இணங்கவும் இல்லை. அவர் மறைந்த பிறகு, 1920களில்தான் போலித் துப்பாக்கிகள் கைவிடப்பட்டன. 1926இல் இரண்டு அமைப்புகளும் ஒன்றாயின.

தொடங்கிய ஐந்தாண்டுக்குள் ஸ்மித் வணிகத்தை விட்டுவிட்டு இயக்கத்தின் முழுநேரச் செயலாளரானார். 1904இல் கிளாஸ்கோவில் நடந்த இருபத்தோராம் ஆண்டு விழாவில் ஏழாயிரம் பையன்கள் அணிவகுத்தார்கள். அணிவகுப்பைப் பார்வையிட்டவர் தளபதி பேடன் பவல். பயிற்சியில் இன்னும் சுவையான அம்சங்கள் சேர்ந்தால் இதைவிடப் பன்மடங்கு பேர் வருவார்கள் என்றார் அவர். அப்படியானால் படைவீரர்களுக்காக எழுதிய வேவுக்கலை நூலைப் பையன்களுக்கு ஏற்ப மாற்றி எழுதலாமே என்றார் ஸ்மித். 1907இல் பிரவுன்சி தீவில் பேடன் பவல் நடத்திய சோதனை முகாமில் ஏறக்குறைய பாதிப் பேர் பிரிகேட் பையன்கள். சாரணர் இயக்கம் அங்கிருந்துதான் கிளம்பியது. தம்முடைய இயக்கத்தைவிடப் பெரிதாக வளர்ந்த ஒன்றுக்கு அவரே வழிகாட்டினார்.

அவருடைய வீட்டு வாழ்க்கையில் துக்கம் அதிகம். 1884இல் மணந்த மனைவி அமேலியா இரண்டு மகன்களை விட்டு 1898இல் இறந்தார். 1906இல் மறுமணம், அடுத்த ஆண்டே அந்த மனைவியும் மறைந்தார். 1909இல் சர் பட்டம் கிடைத்தது.

1914ஆம் ஆண்டு மே மாதம் இலண்டனில் பிரிகேட் செயற்குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது உடல்நலம் குன்றியது. மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். மே 10ஆம் நாள் காலமானார். அன்று ஞாயிற்றுக்கிழமை. இலண்டன் செயிண்ட் பால்ஸ் பேராலயத்தில் நினைவு வழிபாடு நடந்த பிறகு உடல் கிளாஸ்கோவுக்கு வந்தது. முதல் கிளாஸ்கோ அணியின் பையன்கள் வரிசையாக வந்து, ஆளுக்கு ஒரு வெள்ளைப் பூவைக் கல்லறைக்குழியில் போட்டுவிட்டுக் கடந்துபோனார்கள்.