நுங்கம்பாக்கத்தில் பிடிபட்ட 'ஆசியா'

சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் செல்லும்போதெல்லாம், மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தை ஒரு கணம் நின்று பார்ப்பது என் வழக்கம். மழை அறிவிப்புக்காக நாம் எதிர்நோக்கும் அந்த வளாகத்தில்தான் 1792-இல் சென்னை வானாய்வகம் எழுந்தது. அங்கிருந்துதான் 1861 ஏப்ரல் 17 அன்று ஒரு சிறுகோள் கண்டறியப்பட்டது. கண்டவர் நார்மன் ராபர்ட் போக்சன். இக்கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர் சூட்டினார்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட சிறுகோள் பட்டையின் உட்பகுதியில், ஏறத்தாழ 60 கி.மீ. குறுக்களவு கொண்ட அந்தப் பாறை சூரியனைச் சுற்றி வருகிறது. வெறுங்கண்ணுக்கு அது புலப்படாது. வானியலில் புகைப்படக் கலை வேரூன்றாத காலம் அது. விண்மீன்களின் இடங்களை வரைபடத்தில் குறித்து, இரவுதோறும் ஒப்பிட்டு, இடம்பெயரும் புள்ளியைத் தேட வேண்டும். போக்சன் அவ்வாறு கண்டறிந்த சிறுகோள்கள் எட்டு. அவற்றுள் ஐந்து சென்னையில் கிடைத்தவை.

1829-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்த அவர், 1856-இல் ஆக்ஸ்போர்டில் பணியாற்றியபோது விண்மீன்களின் ஒளித்தரத்துக்குத் திட்டமான கணக்கு ஒன்றை முன்வைத்தார். ஐந்து படிகள் வேறுபட்டால் ஒளி நூறு மடங்கு வேறுபடும் என்பதே அது. உலக வானியலாளர்கள் இன்றும் அதையே பின்பற்றுகின்றனர்.

1861 தொடக்கத்தில் அரசு வானியலாளராகச் சென்னை வந்தவர், தாயகம் திரும்பாமல் முப்பது ஆண்டுகள் இங்கேயே உழைத்து, 1891-இல் இங்கேயே மறைந்தார். ஆள்பலம் குறைவு. ஆண்டுக்கணக்கில் குவிந்த விண்மீன் அளவீடுகளை அவரால் நூலாக்கி முடிக்க இயலவில்லை. அவை அச்சேறியது அவரது மறைவுக்குப் பின்னரே.

அந்த உழைப்பில் தோள் கொடுத்தவர்களை நினைக்கும்போதுதான் என் மனம் கனக்கிறது. முதன்மை உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். மகள் இசிஸ், 1873 முதல் ஆய்வக உதவியாளர். பின்னர் சென்னை மாகாணத்தின் வானிலைப் பதிவாளர். தந்தை 1856-இல் கண்ட சிறுகோளும் அவர் பெயரையே தாங்கியுள்ளது. ஆயினும் 1886-இல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினர் பதவிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, சங்கத்தின் சாசனம் ஆண்களையே குறிக்கிறது என்ற சட்டக் காரணத்தால் அது கைவிடப்பட்டது. 1920-இல்தான் அந்தக் கதவு அவருக்குத் திறந்தது. வானில் இடம் பெற்ற ஒரு பெயர், மண்ணில் ஓர் இருக்கைக்காக முப்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்தது.

போக்சனின் கணக்கைக் கல்லூரியில் கற்ற எனக்கு, அவர் எங்கே வாழ்ந்தார் என்பதை எவரும் சொல்லித் தரவில்லை. இன்றைய மாணவர்க்கு அந்தக் குறை வேண்டாம். அந்தச் சூத்திரத்தைக் கற்பிக்கும் பாடநூலில் நுங்கம்பாக்கத்தின் பெயரும், ரகுநாதாச்சாரி, இசிஸ் ஆகியோரின் பெயர்களும் சேர்ந்தே இடம்பெற வேண்டும். அதற்குத் தேவை ஒரு பத்திதான்.