சகோதரி சுப்பலட்சுமி அம்மையார்

சங்கு தீர்த்தத்தில் நீராடித் திருக்கழுக்குன்றத்து மலைப்படிகளில் ஏறி வேதகிரீசுவரரைத் தரிசிக்கச் செல்லும் யாத்திரிகரை நாம் பலகாலும் கண்டிருக்கின்றோம். நூறாண்டுகட்கு முன் அக்கூட்டத்தை உற்று நோக்கியிருப்பின், முண்டிதம் செய்த தலையை முக்காட்டால் மறைத்துத் தலைகுனிந்து செல்லும் இளங்கைம்பெண்கள் சிலர் நம் கண்ணில் தவறாது பட்டிருப்பர். மணவீட்டில் அவர்கட்கு இடமில்லை. மங்கல காரியங்களில் அவர்கள் எதிர்ப்படுதலும் ஆகாது. உற்றாரிடையே புறக்கணிக்கப்பட்ட அவர்கட்குத் திருத்தலங்களே புகலிடமாயின. நரை எய்திய கைம்பெண்களுக்கு அது ஓரளவு ஆறுதலாகலாம். பத்தும் பன்னிரண்டும் வயதுள்ள சிறுமியர் என் செய்வர்?

இவ்வினாவிற்குச் செயலால் விடையளித்தவர் ஒருவர், இதே செங்கற்பட்டு ஜில்லாவில் பள்ளிச் சிறுமியாகத் தம் திறமையை முதன்முதல் விளக்கியவர். அவரே சகோதரி சுப்பலட்சுமி அம்மையார். அவர்தம் சரிதத்தைச் சுருங்க உரைத்தலே ஈண்டு நம் நோக்கமாகும்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் மயிலாப்பூரில், சுப்பிரமணிய ஐயருக்கும் விசாலாட்சி அம்மாளுக்கும் மூத்த மகளாகத் தோன்றினார். முன்னோர் தஞ்சை ஜில்லாவினர். ஆசாரம் வழுவாத அந்தணக் குடியினர். ஒன்பதாம் வயதில் செங்கற்பட்டு ஜில்லாவில் நான்காம் வகுப்புப் பொதுப் பரீட்சை எழுதி, முதன்மையாகத் தேறினார். எனினும் அந்நாளைய வழக்கம் கல்வியைப் பார்த்து நிற்பதன்று. பதினொரு வயதளவில் மணம் நிகழ்ந்தது. சின்னாளில் கணவர் இறந்துபட்டார். மணவாழ்வு இன்னதென்று அறியுமுன்னரே சுப்பலட்சுமி கைம்பெண் ஆயினார்.

அவ்வீட்டில் முன்னரே ஒரு கைம்பெண் இருந்தார். அவர் விசாலாட்சி அம்மாளின் தங்கையாகிய வாலாம்பாள். அவரும் இளமையிலேயே கணவரை இழந்தவர். மகளும் அதே வாழ்க்கையில் வாடி உதிர்வதைத் தந்தையார் பொறாராயினார். உறவினரின் ஏச்சையும் அயலாரின் நகைப்பையும் பொருட்படுத்தாது மகளைக் கற்பிக்கத் துணிந்தார். வேப்பேரியிலுள்ள பிரசென்டேஷன் கன்னிமாடப் பள்ளியில் அம்மையார் சேர்ந்தார். ஆங்கே அவர் கற்றவை ஏட்டுப் பாடங்கள் மட்டுமல்ல. இல்லறம் துறந்த மகளிர் பலர், ஒருவர்க்கொருவர் துணையாய் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, பிறர் பிள்ளைகட்குக் கல்வி ஊட்டுவதை அவர் நாள்தோறும் கண்டார். கணவனும் மக்களும் இல்லாத பெண்ணின் வாழ்வு வீண்வாழ்வன்று என்னும் உண்மை அவர் உள்ளத்தில் வேரூன்றியது. தம் சமயத்தை அவர் விட்டாரல்லர். அக்கன்னியர்தம் தொண்டின் நெறியை மட்டும் தமதாக்கிக்கொண்டார். பிற்காலத்து மாணவியர் அவரைச் சிஸ்டர் என்றே அன்புடன் அழைத்தது மிகப் பொருத்தமன்றோ!

பின்னர்ச் சென்னை இராஜதானிக் கல்லூரியில் பயின்று, 1911-ஆம் ஆண்டு முதல் வகுப்பில் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி இவரே என்பர். அப்பட்டத்தைக் கொண்டு தமக்கென ஓர் உத்தியோகம் தேடி அவர் அமைந்திருக்கலாம். அவர் வேறொரு வழியைத் தேர்ந்தார்.

மேற்கே பண்டித ரமாபாய் 1889-இல் பம்பாயில் சாரதா சதனத்தைத் தொடங்கியிருந்தார். புனாவில் கார்வே 1896-இல் கைம்பெண்கள் இல்லம் ஒன்றை நிறுவியிருந்தார். தமிழ்நாட்டிலும் அத்தகைய இல்லம் ஒன்று வேண்டுமென அம்மையார் கருதினார். 1912-இல் சாரதா மகளிர் சங்கம் உருவாயிற்று. எழும்பூரில் தம் குடும்பத்தார் வாழ்ந்த வீட்டிலேயே விரல்விட்டு எண்ணத்தக்க சில சிறுமியரைக் கொண்டு கைம்பெண்கள் இல்லமும் தொடங்கிற்று. வாலாம்பாள் அம்மையே அவர்கட்குத் தாயாகி அவ்வில்லத்தைப் பேணினார்.

இம்முயற்சியின் நுட்பத்தை நாம் ஊன்றி நோக்கல் வேண்டும். பெண் பள்ளிகட்கு ஆசிரியைகள் கிடைத்தல் அந்நாளில் அரிது. ஆடவர் கற்பிக்கும் பள்ளிக்கு வயதுவந்த பெண்களை அனுப்பப் பெற்றோர் இசையார். இல்லறத்தில் உள்ள பெண்களோ ஆசிரியப் பணிக்கு வாரார். வீட்டுப் பொறுப்பு ஏதும் ஒப்புவிக்கப்படாது மூலையில் இருத்தப்பட்டவள் கைம்பெண் ஒருத்தியே. எவளைச் சமூகம் வேண்டாவென்று ஒதுக்கியதோ, அவளையே அச்சமூகத்தின் ஆசிரியை ஆக்கினார் அம்மையார். பெண் பள்ளிகளின் கண்காணிப்பாளராயிருந்த லிஞ்சு துரைசானியாரும் இதன் பயனை உணர்ந்து உற்ற துணை புரிந்தார். அரசாங்கமும் பொருளுதவி அளித்தது.

இல்லம் வளரவே, சென்னைக் கடற்கரையிலிருந்த ஐஸ் ஹவுஸ் அதற்கு உறைவிடமாயிற்று. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் எழுந்தது அக்கட்டடம். 1897-இல் விவேகானந்த அடிகள் தங்கிச் சென்ற மனையும் அதுவே. 1917-இல் அரசாங்கம் அதனை இவ்வில்லத்தின் பொருட்டு விலைக்கு வாங்கிற்று. சமையலறை தவிர வேறிடம் அறியாத சிறுமியர் ஆங்கே ஒருங்கே உண்டு, ஓதி, கடற்காற்றில் உலாவினர். அண்மையில் 1914-இல் திறக்கப்பெற்ற இராணி மேரி கல்லூரியிலும் அவருட் சிலர் பயின்றனர். ஆசிரியப் பயிற்சி பெற்று வெளியேறியோர் மாதச் சம்பளம் பெற்றுத் தம் காலில் தாமே நின்றனர். தமையன் வீட்டுத் திண்ணையில் ஒரு பிடி சோற்றிற்குக் காத்திருந்தவள், தன் தாய்க்கும் தம்பிக்கும் சோறிடும் நிலைக்கு உயர்தல் சிறு மாற்றமோ?

அம்மையாரின் வழியில் குறை காண்பாரும் உளர். அக்குறையை நாம் மறைத்தல் தகாது. அவ்வில்லம் அந்தணக் கைம்பெண்களுக்கென்றே அமைந்தது. உணவிலும் ஒழுக்கத்திலும் பழைய ஆசாரங்கள் ஆங்கே காக்கப்பெற்றன. மறுமணத்தை இல்லத்தின் கொள்கையாக அவர் கொள்ளவில்லை. சீர்திருத்தக்காரருக்கு இது போதாததாய்த் தோன்றிற்று. வைதிகருக்கோ மிகையாய்த் தோன்றிற்று. ஆசாரத்தை முற்றும் எதிர்த்திருப்பின், எந்தத் தந்தை தன் மகளை அவ்வில்லத்திற்கு அனுப்பியிருப்பான்? கதவைத் தகர்ப்பதினும், உள்ளிருப்போர் வெளிவருமளவு திறப்பதே அவர் கைக்கொண்ட முறை. அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிதே. பிற குலத்துப் பெண்டிர் அவ்வாயிலுக்குப் புறத்தே நின்றனர். 1930-ஐ ஒட்டி முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் ஔவை இல்லத்தை நிறுவிய காலத்தே, பிறவியால் இழிக்கப்பட்ட பெண்டிர்க்கும் ஒரு மனை கிடைத்தது. ஒருவர் தொடங்கிய பணியின் எல்லையை மற்றொருவர் விரித்தல் உலகியற்கை.

சுப்பலட்சுமி அம்மையாரும் தொடங்கிய இடத்திலேயே நின்றாரல்லர். 1922-இல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரியின் முதல் தலைவியாயினார். 1927-இல் சாரதா வித்யாலயத்தை நிறுவினார். பின்னாளில் அஃது இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் சேர்ந்தது. பாலிய விவாகத்தை ஒழிக்கும் கிளர்ச்சியிலும் பங்குகொண்டார். பள்ளிப் பருவம் கடந்த மகளிர்க்கென 1942-இல் மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தோற்றுவித்தார். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் நியமன உறுப்பினராய் இருந்தார். அறுபத்தெட்டாம் வயதை அடைந்தும் ஓய்வை விரும்பாது, 1954-இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் பெண்கட்கும் குழந்தைகட்கும் நல நிலையம் ஒன்றைக் கண்டார். சிறுமியாய் முதற் பரிசு பெற்ற ஜில்லாவிற்கே முதுமையில் அவர் கைம்மாறு செய்தாரென நாம் கொள்ளலாம். 1958-இல் பத்மஸ்ரீ விருது அவரை அடைந்தது. 1969-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இன்று நம் கல்லூரிகளில் மகளிர் கூச்சமின்றி அமர்ந்து பயில்கின்றனர். அதனை நாம் இயல்பென எண்ணுகின்றோம். அவ்வியல்பு எளிதில் வந்ததன்று. இரக்கங்காட்டி ஒருவர்க்கு உணவளித்தல் ஒரு நாளைய அறம். தங்க மனையும், கற்கத் துணையும், ஈட்டத் தொழிலும் அமைத்துக் கொடுத்தல் தலைமுறைகட்கு நிற்கும் அறம். அம்மையார் செய்தது பின்னது. கற்ற கல்வியைத் தமக்கு மட்டும் உடைமையாகக் கொள்ளாது, தம்மினும் எளியாரைத் தூக்கிவிடும் கருவியாக்குதலே கல்வியின் பயன் என்பதை, நம் மாணவ மாணவியர் இச்சரிதத்தினின்று உணர்வாராக.