சியாம் காத்த மன்னர்

ஆசியாவின் பெரும்பகுதி அன்னியர் வசமான காலத்தில், இன்று தாய்லாந்து எனப்படும் சியாம் தேசம் சுதந்திரம் இழவாது நின்றது. அதற்குப் பெரிதும் காரணர் மன்னர் சுலாலங்கோர்ன்.

1868இல் தமது 15ஆம் வயதில் பட்டமெய்திய அவர், 1872இல் இந்தியாவுக்கு வந்து ஆங்கில ஆட்சிமுறையை நேரிற் கண்டார். குடிகள் அரசன்முன் தரையில் வீழ்ந்து கிடக்கும் வழக்கத்தை 1873இல் ஒழித்தார். அடிமை முறையை 1874இல் தளர்த்தத் தொடங்கி, 1905இல் சட்டத்தால் அகற்றினார்.

1893இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் பாங்காக் வரை வந்தன. மேகாங் நதியின் கீழ்க்கரை கைவிட்டுப் போயிற்று. 1909இல் கெடா முதலிய நான்கு மலாய் நாடுகளைப் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தார். இதனைக் கோழைமை என்பாருமுண்டு. நாம் அவ்வாறு கருதோம். எஞ்சிய தேசம் 1910இல் அவர் மறைந்தபோதும் தன்னாட்சியுடனேயே இருந்தது.

அன்னியரை எதிர்நோக்கிய நாளிலேயே தம் குடிகளின் தளையையும் அறுத்தாரே, அதனையே நாம் பெரிதும் போற்றுகிறோம்.