இரண்டு ஊர்களின் பிரபு

கிரிக்கெட் ஆட்டக்காரர்களுள் ஓட்டக் கணக்கால் நினைக்கப்படுவோர் பலர். லியரி கான்ஸ்டன்டைன் அவ்வகையினர் அல்லர். 18 டெஸ்டுகளில் 635 ஓட்டங்கள், 58 விக்கெட்டுகள் என்று ஏட்டைப் பார்த்துச் சொல்லி முடித்தால் அம்மனிதரை நாம் அறிந்தவர் ஆகமாட்டோம்.

1901 செப்டம்பர் 21இல் டிரினிடாட் தீவில் பிறந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழித்தோன்றல். தந்தையார் லெப்ரன் தோட்டமொன்றில் மேற்பார்வையாளர். 1900இல் இங்கிலாந்து சென்று சதமடித்தவருங்கூட. மைந்தரோ பள்ளி முடிந்ததும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். கோப்புகளிடையே காலங்கழிக்கும் நம் போன்றோருக்கு அந்நிலை புதிதன்று. ஆயினும் அக்காலத்து டிரினிடாடில் கறுப்பு நிறத்தாருக்கு மேலேறும் படிகள் மிகச் சிலவே. பந்தாட்டமே தமக்கு வழியென்று அவர் துணிந்தார்.

அத்துணிவு 1928இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் பலித்தது. மிடில்செக்ஸ் அணிக்கெதிரே முதலில் 86 ஓட்டங்கள் குவித்தார்; பின்பு 57 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். வெற்றிக்கு 259 வேண்டியிருக்க, ஐவர் வீழ்ந்து 121 என்ற இக்கட்டில் இறங்கி, ஒரு மணி நேரத்தில் 103 அடித்து வென்று கொடுத்தார்! இத்தகைய ஆட்டத்தைக் காணக் கொடுத்து வைத்தவர்கள் பாக்கியசாலிகள்.

மறு ஆண்டே லங்காஷயரிலுள்ள நெல்சன் என்னும் நெசவாலை ஊர் அவரைச் சம்பளத்திற்கு அழைத்தது. மனைவி நார்மாவுடன் அங்கே குடியேறினார். கறுப்பரைக் கண்டறியாத ஊர்; சிறுவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தனராம். வேற்றூரில் வீடு பிடித்த எவருக்கும் அப்பார்வையின் கூச்சம் விளங்கும். ஒன்பது பருவங்களில் ஏழு முறை நெல்சனுக்கு லீக் பட்டம் வாங்கித் தந்தார். ஆட்டம் ஓய்ந்த பின்னரும் 1949 வரை அவ்வூரே அவர் இல்லம்.

யுத்த காலத்தில், மேற்கிந்தியத் தொழிலாளரின் நலன் காக்கும் சர்க்கார் அதிகாரியாகப் பணியாற்றினார். 1943இல் ஆட்டமொன்றிற்காக லண்டன் இம்பீரியல் ஹோட்டலில் குடும்பத்துடன் நான்கு இரவுகள் தங்க ஏற்பாடு செய்தார். நிறம்பற்றி ஆட்சேபம் உண்டா என்று கேட்டு, இல்லை என்ற பதிலும் பெற்றிருந்தார். வந்து இறங்கியதும், ஓரிரவுக்குமேல் இடமில்லை என்றனர். காரணம் நிறமே.

இவ்விடத்தில்தான் பழைய வக்கீல் குமாஸ்தா விழித்துக்கொண்டார் என்பது எம் எண்ணம். நிறபேதத்தைத் தடுக்கும் சட்டம் அன்று இங்கிலாந்தில் இல்லை. ஆனால் விடுதி நடத்துபவர் தக்க பயணியைத் தகுந்த காரணமின்றி மறுக்கலாகாது என்ற பழைய விதி இருந்தது. அதனைப் பற்றி வழக்காடி 1944இல் வென்றார். நஷ்டஈடு பெயரளவில் ஐந்து கினி. தொகையா பெரிது? நிறபேதத்திற்கெதிரான முதற்சட்டம் அந்நாட்டில் 1965இல்தான் வந்தது.

ஐம்பது கடந்தபின் 1954இல் பாரிஸ்டரானார். தாய்நாடு திரும்பி அமைச்சர் பதவி வகித்தார். மீண்டும் லண்டன் சென்று டிரினிடாடின் ஹை கமிஷனராக விளங்கினார். 1969இல் பிரபுக்கள் சபையில் அமர்ந்த முதற் கறுப்பரும் அவரே. அப்பட்டத்தில் அவர் இணைத்துக்கொண்ட ஊர்ப் பெயர்கள் இரண்டு: டிரினிடாடின் மரவல், லங்காஷயரின் நெல்சன்.

1971 ஜூலை முதல் நாள் லண்டனில் காலமானார். உடலை டிரினிடாடுக்குக் கொண்டு சென்று அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தனர்.