நாவலரின் கஞ்சித்தொட்டி

பாடசாலைக் காலத்தில் ஆறுமுக நாவலரைப் பற்றிப் பலமுறை கட்டுரை எழுதியிருக்கிறேன். 1822 மார்கழி 18இல் நல்லூரில் பிறந்தார், தமிழ் உரைநடையை வளர்த்தார் என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். அவர் கஞ்சி காய்ச்சி ஊற்றியதைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதாக ஞாபகம் இல்லை. 2009க்குப் பிறகுதான் அந்த வரி எனக்குத் தேவைப்பட்டது.

கந்தப்பிள்ளை, சிவகாமி தம்பதியரின் இளைய மகன் அவர். யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த பாடசாலையில் படித்து அங்கேயே ஆசிரியரானார். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். பிறகு அந்த வேலையை விட்டு, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அச்சுக்கூடம் நிறுவினார். 1864இல் சிதம்பரத்திலும் பாடசாலை அமைத்தார். திருமணம் செய்யவில்லை. பாடசாலையும் புத்தகங்களுமே அவரது குடும்பம்.

1877 அளவில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் பிடித்தது. எமது குடாநாடு அரிசிக்கு இந்தியாவை நம்பியிருந்த காலம் அது. அங்கும் கொடிய பஞ்சம். கூடவே வாந்திபேதியும் பரவியது. அப்போது நாவலருக்கு ஐம்பத்தைந்து வயது. கையில் பெரும் செல்வம் இல்லை. இருப்பவர்களிடம் கேட்டு வாங்கினார், இல்லாதவர்களுக்குக் கஞ்சித்தொட்டி வைத்தார். சனத்தின் துயரைக் கவனிக்காத அதிகாரிகளையும் கண்டித்தார். தானம் கொடுப்பதோடு கேள்வி கேட்கும் கடமை முடிந்துவிடுவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

முள்ளிவாய்க்காலில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் கஞ்சி வரிசையில் நின்றேன். அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும்தான். தேங்காய்ப்பால் இல்லை. எறிகணைச் சத்தம் கேட்டால் படுப்போம், ஓய்ந்தால் பாத்திரத்தோடு மறுபடி நிற்போம். அந்த அரிசி எவருடையது என்று அன்று நான் யோசிக்கவில்லை. யாரோ தமக்கென வைத்திருந்ததில் ஒரு பங்கைத் தந்ததால்தான் அந்தக் கிடாரம் அடுப்பில் ஏறியது.

சாதி விடயத்தில் நாவலர் பழைய ஒழுங்கை விட்டு வெளியே வரவில்லை. அதை மறைத்து அவரைப் புகழ நான் விரும்பவில்லை. பசித்த வயிற்றுக்கு முன்னால் எந்த ஒழுங்கும் நிற்கக்கூடாது என்பதை வரிசையில் நின்ற நாங்கள் அறிவோம். ஆனாலும், புத்தகமே வாழ்க்கையாக இருந்த ஒருவர் தன் கடைசிக் காலத்தில் கஞ்சிக்காக மற்றவர்களிடம் கேட்டார் என்பது என்னை விட்டுப் போவதில்லை. 1879 மார்கழி 5இல் அவர் காலமானார். பஞ்சம் வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

எங்கள் ஊரில் தனித்திருக்கும் முதியவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறார்கள். மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒரு கிலோ பருப்பும் கொண்டுபோய் வைப்பேன். கொடுக்கிறேன் என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. அன்று வாங்கிய கஞ்சியைத் திருப்பிக் கட்டுகிறேன், அவ்வளவுதான்.